பாடியவர் பெயர் இருக்கிறது, ஆக்கியவர் பெயர் எங்கே? கவர் பாடல்களும் எங்கள் புதிய வெளியீடுகளும்

நல்லூர்ச்செவி (இழையைத் தொடங்கியவர்)

சென்ற மாதம் கொக்குவிலில் உறவினர் ஒருவரின் திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். உணவு பரிமாறுவதற்கு முன்னர் இசைக்குழுவினர் 'சின்ன மாமியே' பாடலை எடுத்தார்கள். தாளம் தொடங்கியதுமே முன்வரிசையில் இருந்த அம்மம்மாமாரிலிருந்து பின்வரிசையில் கைத்தொலைபேசியோடு இருந்த பிள்ளைகள் வரை எல்லோரும் கைதட்டினார்கள். பாடிய தம்பியும் சுருதி விலகாமல் நன்றாகவே பாடினார். பாடல் முடிந்ததும் அறிவிப்பாளர், "எங்கள் மண்ணின் பழைய நாட்டார் பாடல் ஒன்றைக் கேட்டீர்கள்" என்றார். அது நாட்டார் பாடல் அன்று. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் எழுதி, மெட்டமைத்து, பாடிய பொப்பிசைப் (pop) பாடல். அந்த மண்டபத்திலிருந்து உரும்பிராய்க்குச் சைக்கிளில் போனால் அரை மணித்தியாலம் கூட ஆகாது. அவ்வளவு அருகில் பிறந்த பாடலுக்கு அதை ஆக்கியவரின் பெயர் இல்லாமற் போனது அன்றிரவு முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த இழையைத் தொடங்குவதற்கு அதுவே காரணம்.

ஒருவர் ஏற்கெனவே பாடிய பாடலை வேறொருவர் மீண்டும் பாடி வெளியிடும் கவர் பாடல்களை நான் வெறுப்பவன் அல்லன். இலங்கைப் பாடகி யொஹானி 2021இல் பாடி வெளியிட்டு, பல நாடுகளில் ஒலித்த 'மெனிக்கே மகே ஹிதே' என்ற சிங்களப் பாடல் ஒரு கவர் பாடல்தான். அதற்கு முந்திய ஆண்டிலேயே சதீஷன் ரத்நாயக்க அதைப் பாடி வெளியிட்டிருந்தார். முதலிற் பாடியவரையும் அருகில் வைத்துக்கொண்டு, அதே மெட்டைத் தாழ்ந்த, அவசரமில்லாத ஒரு பெண்குரலில் யொஹானி பாடியபோது, அப்பாடலுக்குள் அதுவரை எவரும் கேட்காத ஓர் அமைதி இருந்தது தெரியவந்தது. கவர் பாடலில் நான் எதிர்பார்ப்பது அதையே: மூலப் பாடல் சொல்லாமல் விட்ட ஒன்றை அது சொல்லவேண்டும், அப்படிச் சொல்லும்போது மூலம் யாருடையது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்து இளைஞர்கள் அண்மையில் வெளியிட்டவற்றைத் தேடித் தேடிக் கேட்டேன். ஒளிப்பதிவு மிக அழகு. பருத்தித்துறைக் கடலும் பனங்கூடலும் கண்ணை விட்டு அகலவில்லை. ஆனால் நான் கேட்டவற்றிற் பெரும்பாலானவை சென்னையில் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஆக்கப்பட்ட திரைப்பாடல்கள். அதிலும் இடையிசையை வெட்டிவிட்டு, பல்லவியிலிருந்து நேரே சரணத்துக்குத் தாவி, ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். இளையராஜாவின் பாடல்களில் இடையிசை, பாடகர் மூச்சு வாங்குவதற்காக விடப்பட்ட இடம் அன்று. அடுத்த சரணம் ஏன் அந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்பதற்கான காரணமே அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டினால் சரணம் அநாதையாக வந்து நிற்கும். இவ்வளவு திறமையும் உழைப்பும் உள்ள பிள்ளைகள் தங்கள் சொந்தப் பாடல்களை ஏன் அதிகம் வெளியிடுவதில்லை என்று உறவுகள் சொல்லவேண்டும்.


இணுவில் விசை

அண்ணா, வணக்கம். நான் பதினான்கு ஆண்டுகளாக இசைக்குழுக்களில் கீபோட் வாசித்து வருகிறேன். நீங்கள் எழுதியதில் உள்ள வருத்தம் எனக்கு விளங்குகிறது, ஆனால் மேடையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

கலியாண வீட்டுக்காரர் முற்பணம் தரும்போதே பாடல்களின் பட்டியலையும் சேர்த்துத் தருவார். அதில் எங்கள் சொந்தப் பாடல் ஒன்றும் இராது. ஒருமுறை சாவகச்சேரிப் பக்கத்துக் கோயில் திருவிழாவில், குழுவினர் கேட்டுக்கொண்டதால், எங்கள் பாடகர் எழுதிய ஒரு பாடலை நடுவிலே வைத்தோம். கூட்டத்தில் பாதி எழுந்து கச்சான் கடைக்குப் போய்விட்டது. அடுத்த பாடல் எல்லோருக்கும் தெரிந்த திரைப்பாடல். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதவும் இல்லை. ஆகவே சொந்தப் பாடல் ஏன் இல்லை என்ற கேள்வியைப் பாடுகிறவர்களிடம் மட்டும் கேட்கவேண்டாம், கேட்கிறவர்களிடமும் கேளுங்கள்.

இன்னுமொன்று. 'சின்ன மாமியே' நாட்டார் பாடல் என்று சொல்லப்பட்டதை நீங்கள் இழப்பாகப் பார்க்கிறீர்கள். ஒரு மனிதர் ஆக்கிய பாடல், ஊரே ஆக்கியது என்று ஊர் நம்பும் அளவுக்கு ஊரோடு கலந்துவிட்டது என்றால் அதைவிடப் பெரிய வெற்றி ஒரு பாடலுக்கு உண்டா?


அளவெட்டி வடலி

தம்பிமாருக்கு என் அன்பு. எனக்கு அறுபத்தைந்து வயது. என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும், 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் தவிலையும் இளம் வயதிற் கேட்ட காதுகள் எனக்கு வாய்த்தவை என்பதால், கவர் பாடல் என்பதைப் புதிய விடயமாக என்னால் நினைக்கமுடியவில்லை. திருவிழாக்களில் சுவாமி வீதியுலா முடியும் நேரத்தில், இராக ஆலாபனையும் கீர்த்தனையும் நிறைந்த பின்னர், சனங்கள் கேட்கிறார்கள் என்பதற்காக நாதஸ்வரக்காரர்கள் திரைப்பாடல் வாசிப்பது எங்கள் ஊர்களில் நெடுங்கால வழக்கம். ஆனால் அங்கே சொற்கள் இல்லை. மெட்டு மட்டுமே நாதஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளி வழியாக வரும். நல்ல வித்துவான் பல்லவிக்கு முன்னர் அந்த இராகத்தைச் சற்று விரித்துக் காட்டுவார். பாடகர் மூன்று சுரங்களைத் தொட்டுவிட்டுப் போன இடத்தில் அவர் நின்று, அவை எந்த இராகத்தின் பிள்ளைகள் என்று சனங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போவார். படத்தைப் பார்க்காதவர்களும் அந்தப் பாடலை அறிந்துகொண்டது அப்படித்தான். வாசிப்பவர் தன் அறிவிலிருந்து எதையாவது சேர்க்காமல் அதை முடித்ததாக எனக்கு நினைவில்லை.

மற்றொரு நினைவும் வருகிறது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் கசற் கேட்போம். என் மருமகன் சுற்றுவான். அவனுக்குக் கை உளைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பாடகரின் குரலும் கீழே இறங்கும். அப்படிக் கேட்டே சில பாடல்களை மனப்பாடம் செய்தேன். பல ஆண்டுகள் கழித்துக் கொழும்பில் அவற்றைச் சரியான சுருதியிற் கேட்டபோது, வேறொருவர் பாடிய கவர் என்றே முதலில் நினைத்தேன். எந்தப் பதிவை நாம் முதலிற் கேட்கிறோமோ அதுவே எங்களுக்கு மூலமாகிவிடுகிறது. 'சின்ன மாமியே'யைத் திருமண மண்டபத்தில் மட்டும் கேட்டு வளரும் ஒரு பிள்ளைக்கு அந்த மண்டபமே மூலம். ஆகவே அறிவிப்பாளர் சொல்லும் ஒரு வசனத்துக்கு நாங்கள் நினைப்பதைவிடப் பாரம் அதிகம்.


மருதனார்மடத்து மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகத்தில் வாய்ப்பாட்டுப் படிக்கிறேன். நல்லூர்ச்செவி அண்ணா குறிப்பிட்ட ஒரு நிமிடப் பாடல்களை நானும் வெளியிட்டிருக்கிறேன், அதனால் இது எனக்கும் உரிய கேள்வி.

ஒரே வாரத்தில் இரண்டு பதிவுகளை ஏற்றினேன். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு திரைப்பாடலின் பல்லவி. மற்றது நானே எழுதி மெட்டமைத்த பாடல். முதலாவதைப் பதிவுசெய்ய எனக்கு அரை நாள் போதுமாக இருந்தது. இரண்டாவதற்கு நான்கு மாதங்கள். முதலாவதை ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள்; இரண்டாவதை என் வகுப்பிலுள்ளவர்களும் உறவினர்களும் கேட்டார்கள். ஒருவர் தேடும் பெட்டியில் ஏற்கெனவே அறிந்த பாடலின் பெயரைத்தான் எழுதுவார், பிறக்காத பாடலின் பெயரை எழுதமாட்டார் என்பதை அப்போது விளங்கிக்கொண்டேன். கவர் பாடல் எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டுக்குள் அழைக்கும் வாசல். வாசலிலேயே நின்றுவிடுகிறோமே என்ற கவலை எனக்கும் உண்டு.

என்னை இதைவிட அதிகமாக வருத்தியது வேறு. அந்தக் கவர் பாடலை மறுபடி கேட்டபோது, 'காற்று' என்ற சொல்லை நான் 'காத்து' என்பதற்கு மிக அருகே உச்சரித்திருந்தேன். என் வீட்டிலோ வகுப்பிலோ நான் அப்படிப் பேசுவதில்லை. 'ற்ற' எங்கள் நாக்கில் நுனியண்ணத்தில் அழுந்தி, தெளிவாக வரும். திரைப்பாடகியின் குரலைப் பின்பற்றும்போது அவருடைய நாக்கையும் சேர்த்து வாங்கிவிட்டிருக்கிறேன். அவர் அப்படிப் பாடியது அவருக்கு இயல்பு, அதிற் குறையில்லை. எனக்கு அது இரவல். மூலத்தை அப்படியே நகலெடுப்பதால் போவது என்ன என்று யாராவது கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன்.


ஸ்காபரோ பனிக்காற்று

இணுவில் விசை தம்பியின் கேள்விக்கு உணர்ச்சியை விட்டுச் சட்டத்தின் பக்கமிருந்து ஒரு பதில்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியவருக்கு இருவகை உரிமைகளைத் தருகிறது. ஒன்று பொருளாதார உரிமை. மற்றது தன் ஆக்கத்தோடு தன் பெயர் குறிப்பிடப்படவேண்டும், அது சிதைக்கப்படக்கூடாது என்று கேட்கும் தார்மீக உரிமை. இரண்டும் ஆக்கியவரின் வாழ்நாள் முழுவதும், அதன் பின்னர் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஆகவே பெயரைச் சொல்வதை நல்ல மனதுக்கு மட்டும் உரிய விடயமாகச் சட்டம் விட்டுவிடவில்லை. இந்தியாவில் இந்தக் காலம் 60 ஆண்டுகள். அங்கே 2012இல் வந்த திருத்தத்தின்படி, சட்டம் தரும் உரிமத்தின் கீழ் ஒரு பாடலைக் கவர் பதிவாக வெளியிடுவதற்கு, முதற்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். 2017இல் தன் பாடல்களை மேடைகளிற் பாடுவது குறித்து இளையராஜா தரப்பிலிருந்து எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கே அறிவித்தல் போனதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். நண்பர்களுக்குள்ளேயே அந்தக் கேள்வி எழுந்தது என்றால், அதன் பாரத்தை நினைத்துப் பாருங்கள்.

யூரியூப்பில் நிலைமை வேறு. உரிமையாளர் தன் பாடலைத் தளத்தின் இனங்காணும் பொறியிற் பதிந்துவைத்திருந்தால், ஏற்றப்படும் கவரைத் தடுக்கலாம், விட்டுவைத்து அதிலிருந்து வரும் விளம்பர வருவாயைத் தான் எடுக்கலாம், அல்லது கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். தங்கச்சியின் கவர் பாடலை ஆயிரக்கணக்கானோர் கேட்டாலும் பணம் வேறிடத்துக்குப் போகக்கூடும். அவருடைய சொந்தப் பாடலை நாற்பது பேர் கேட்டாலும் அந்த நாற்பதும் அவருடையது.

அமெரிக்கப் பாடகி டொலி பார்ட்டன் 1974இல் தானே எழுதிப் பாடி வெளியிட்ட ஒரு பாடலை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். பதிப்புரிமையிற் பாதியைத் தரவேண்டும் என்று எல்விஸின் முகாமையாளர் கேட்டதால், பார்ட்டன் மறுத்துவிட்டார். அதே பாடலை 1992இல் விற்னி ஹூஸ்ரன் திரைப்படம் ஒன்றுக்காகப் பாடி உலகெங்கும் கொண்டுசென்றபோது, எழுதியவருக்குரிய பங்கு முழுவதும் பார்ட்டனுக்கே வந்தது. விற்னியின் கவர் மூலத்தைவிடப் புகழ்பெற்றது, ஆக்கியவரும் மறைந்துபோகவில்லை. இரண்டும் ஒன்றாக நடக்கமுடியும்.


நல்லூர்ச்செவி

உங்கள் எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையான பதில்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை.

இணுவில் விசை தம்பி, கச்சான் கடைக்குப் போன கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். அப்படியான கூட்டங்களில் நானும் எழுந்து போயிருக்கிறேன். சொந்தப் பாடல்கள் ஏன் இல்லை என்று கேட்டவன், அவற்றை உட்கார்ந்து கேட்கும் கடமையைச் செய்யவில்லை. அந்தப் பகுதியை மீளப் பெறுகிறேன். அந்தப் பாடகரிடம் பாடலின் ஒலிப்பதிவு இருந்தால் இங்கே இணையுங்கள். நான் கேட்டு எழுதுகிறேன்.

ஆனால் பெயர் மறைவது பாடலின் வெற்றி என்பதை என்னால் ஏற்கமுடியாது. நாட்டார் பாடல்களுக்கு ஆக்கியவர் பெயர் இல்லாதது, அதை எழுதிவைக்க எவரும் இல்லாததால் நேர்ந்தது. எங்கள் பொப்பிசைக்கு அந்த நிலை இல்லை. இசைத்தட்டுகள் இருக்கின்றன, வானொலியில் ஒலித்ததைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த பெயரை மறப்பதும் தெரியாத பெயரைத் தேடமுடியாமல் இருப்பதும் ஒன்றல்ல. அதோடு, பெயர் போகும்போது வரலாறும் சேர்ந்து போகிறது. தமிழிற் பொப்பிசை என்பதைத் தொடங்கிவைத்தவர்கள் ஈழத்தவர்கள். கிற்றாரையும் பைலாத் தாளத்தையும் எங்கள் பேச்சுத் தமிழையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம் என்ற துணிவு இங்கே பிறந்தது. 'சின்ன மாமியே' நாட்டார் பாடல் ஆகிவிட்டால், அந்தத் துணிவு யாருக்கும் உரியதாக இல்லாமல் போய்விடும். எங்களிடம் பொப்பிசை இருந்ததே இல்லை, இனிமேற்தான் தொடங்கவேண்டும் என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும்.

எதிர்ப்பக்கத்து உதாரணமாக 'சுராங்கனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கள பைலாவிலிருந்து வந்த அந்தப் பாடலை ஏ. ஈ. மனோகரன் தமிழ்ச் சொற்களோடு பாடித் தமிழ்நாடு வரை கொண்டுசென்றார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் அதைப் பாடினார். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஆறெட்டுத் தாளம் சிங்களத்துக்கு வந்து, அங்கிருந்து ஈழத் தமிழுக்கு வந்து, அங்கிருந்து தமிழகத் திரைக்குப் போனது. ஒவ்வொரு கையிலும் அது மாறியது. இந்தப் பயணத்தை நான் மிகவும் விரும்புகிறேன். பயணத்தின் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் யார் இருந்தார் என்று தெரிந்திருப்பதால்தான் அதைச் சுவைத்துச் சொல்லமுடிகிறது.

பிறருடைய ஒலிப்பதிவின் ஒரு துண்டை எடுத்து அதன்மேற் புதிய பாடல் கட்டும் முறையையும் இங்கே சேர்க்கவேண்டும். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' இசைத்தொகுப்பின் முதற்பாடலில், 1991இல் வந்த 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாடலின் துண்டு ஒன்று ஒலிக்கிறது. என் காதுக்கு அது கவரைவிட மேலான மரியாதையாகவே படுகிறது, ஏனென்றால் மூலத்தைப் பாடிக்காட்டாமல், தன் சொந்தப் பேச்சுக்கு அடியில் அதை மேளமாகக் கொட்டவிடுகிறார். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' முழுக்கப் புதிய பாடல்; அதிற்கூட, தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் ஆகியோரில் யாருடைய பெயர் எங்கே வரவேண்டும் என்று பின்னர் எவ்வளவு விவாதம் எழுந்தது! புதிய பாடலுக்கே அப்படியென்றால், இசைத்தட்டுக் காலத்துப் பாடலுக்காகப் பேச இன்று யார் இருக்கிறார்கள்?


இணுவில் விசை

அண்ணா, அவருடைய ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி இணைக்கிறேன். பெயர் விடயத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். பட்டியலை எழுதும்போது பாடலுக்கு நேரே ஆக்கியவர் பெயரையும் எழுதி அறிவிப்பாளர் கையிற் கொடுப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. வருகிற சனிக்கிழமை நிகழ்ச்சியிலிருந்து அதைச் செய்கிறேன்.

திரைப்பாடல்களைப் பாடுவதை மட்டும் குறைவாகச் சொல்லவேண்டாம். ஓர் ஒக்டபாட்டையும் இரண்டு கீபோட்டையும் வைத்துக்கொண்டு, அறுபது வயலின்களோடு பதிவான ஒரு பாடலை மழைக்கால மேடையில் கொண்டுவருவது எவ்வளவு பெரிய கல்வி என்று எங்களுக்குத்தான் தெரியும். நான் இசையைப் படித்தது அங்கேதான்.


மருதனார்மடத்து மாணவி

அண்ணாமார் இருவருக்கும் ஐயாவுக்கும் நன்றி. என் சொந்தப் பாடலை மறுபடி பதிவுசெய்ய இருக்கிறேன். அம்மம்மாவின் கிணற்றடித் துலாவைப் பற்றிய பாடல் அது. துலா இறங்கும்போது நீண்டும் ஏறும்போது குறுகியும் வரும் நடையை மெட்டில் வைத்திருக்கிறேன். இந்த முறை 'ற்ற' எங்கள் 'ற்ற'வாகவே இருக்கும். முதற்சரணத்துக்கு முன்னர் ஓர் இடையிசை வேண்டும். ஐயா நாதஸ்வரத்தைப் பற்றி எழுதியதிலிருந்து அதை நாதஸ்வரத்துக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் நான் பாடும் சுருதி ஐந்து கட்டை. நாதஸ்வரம் அதற்கு ஒத்துவருமா?


அளவெட்டி வடலி

பிள்ளை, தாராளமாக வரும். எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வித்துவான் இரண்டு கட்டை நாதஸ்வரம் வைத்திருக்கிறார். இரண்டு கட்டையின் மத்திமம்தான் உம்முடைய ஐந்து கட்டை. அவர் மத்திமத்தைச் சட்சமாக வைத்து, மத்திம சுருதியில் வாசித்தால் இருவரும் ஒரே இடத்தில் நிற்பீர்கள். மேல்ஸ்தாயிக்குப் போகும்போது மட்டும் அவருக்குச் சற்றுச் சிரமம், ஆகவே இடையிசையைப் பஞ்சமத்துக்கு மேலே கட்டவேண்டாம். மெட்டை அனுப்பும், நான் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். அவர் பெயரைப் பதிவில் எப்படி எழுதவேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு வருகிறேன்.


மருதனார்மடத்து மாணவி

நல்லது ஐயா. பஞ்சமத்தோடு நிற்கும்படி மாற்றி எழுதிவிட்டு, நாளை மாலைக்குள் அனுப்புகிறேன்.